கப்பல் வரவில்லை என்றால்? ஆஸ்திரேலியாவின் பாதுகாப்புக் கொள்கையை மாற்றிய ஜான் கர்ட்டினின் கதை

1942 பிப்ரவரி கடைசி. கான்பெராவில் பிரதமர் இல்லத்தின் தோட்டத்தில் நள்ளிரவு தாண்டியும் ஒருவர் நடந்துகொண்டே இருந்தார். அவர் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின். அந்த நேரத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பல்களில் இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தார்கள். காவலுக்குப் போதுமான போர்க்கப்பல்கள் இல்லை. அவர்களை ஊருக்குத் திரும்பச் சொன்னது கர்ட்டின்தான். ஒரு கப்பல் மூழ்கினாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

இதில் இன்னொரு சிக்கல்: அந்த வீரர்களை வேறு பக்கம் அனுப்பச் சொல்லி நெருக்கியது எதிரி இல்லை, நெருங்கிய நண்பனான பிரிட்டன்.

வல்லரசும் இல்லாத, சின்ன நாடும் இல்லாத நாடுகளை ‘மிடில் பவர்’ என்கிறார்கள். பக்கத்தில் ஆபத்து வரும்போது இப்படிப்பட்ட நாடு யாரை நம்புவது, எவ்வளவு நம்புவது? கர்ட்டினின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்கான பதில்தான்.

யார் இந்த கர்ட்டின்?

1885-ல் விக்டோரியா மாகாணத்தின் கிரெஸ்விக்கில், ஐரிஷ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் கஷ்டம், சின்ன வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனார். தொழிற்சங்கம் அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது.

முதல் உலகப்போர் நடந்தபோது, கட்டாய ராணுவ சேவையை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 1916-ல் அதற்காகச் சில நாள் ஜெயிலிலும் இருந்தார். அடுத்த ஆண்டு பெர்த் நகருக்குப் போய், தொழிலாளர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரானார்.

குடிப்பழக்கம் அவரைப் பல ஆண்டுகள் படுத்தி எடுத்தது. 1928-ல் எம்.பி. ஆனவர், 1931-ல் தோற்றார், 1934-ல் மீண்டும் ஜெயித்தார். 1935-ல் லேபர் கட்சித் தலைவர் தேர்தலில் நின்றபோது, இனி குடிக்க மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானார்.

சிங்கப்பூர் கணக்கு

அன்றைய ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 70 லட்சம். இவ்வளவு பெரிய கடற்கரையைக் காப்பது எப்படி? அரசு வைத்திருந்த பதில் சிம்பிள். சிங்கப்பூரில் பிரிட்டன் பெரிய கடற்படைத் தளம் கட்டுகிறது. ஜப்பான் வந்தால் பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கே வந்து நிற்கும். ஆஸ்திரேலியா பத்திரமாக இருக்கும்.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கர்ட்டின், 1936-லேயே நாடாளுமன்றத்தில் இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒரே நேரத்தில் போர் வந்தால், பிரிட்டன் தன் வீட்டைத்தானே முதலில் பார்க்கும்? அடுத்த நாடு கப்பல் அனுப்பும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து ஒரு நாடு பாதுகாப்புக் கொள்கை வகுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். விமானப்படைக்குச் செலவு செய்யுங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள் என்றார். அப்போது அது எடுபடவில்லை.

பயந்தது நடந்தது

1941 அக்டோபரில் முந்தைய அரசு பட்ஜெட் ஓட்டெடுப்பில் கவிழ, கர்ட்டின் பிரதமரானார். இரண்டே மாதத்தில் ஜப்பான் போரில் குதித்தது. ஆஸ்திரேலியாவின் 3 டிவிஷன்கள் பிரிட்டனுக்கு உதவியாக மத்திய கிழக்கில் இருந்தன.

சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த பெரிய போர்க்கப்பல்கள் இரண்டுதான். டிசம்பர் 10-ல், மலாயா கடலில் இரண்டையுமே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அந்த மாதக் கடைசியில், இனி ஆஸ்திரேலியா அமெரிக்காவைத்தான் எதிர்பார்க்கும் என்று கர்ட்டின் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்குக் கடும் கோபம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் போர்க்கைதிகள் ஆனார்கள். நான்கே நாளில் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரில் குண்டு போட்டன.

அந்த ஒரு முடிவு

மத்திய கிழக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 7-வது டிவிஷனைப் பர்மாவுக்கு அனுப்பி ரங்கூனைக் காப்பாற்ற வேண்டும் என்றார் சர்ச்சில். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் அதையே வலியுறுத்தினார். கர்ட்டின் மறுத்தார். ஆனால், அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமலேயே கப்பல்களைப் பர்மா பக்கம் திருப்பிவிட்டிருந்தார் சர்ச்சில்!

கர்ட்டின் அசையவில்லை. கடைசியில் கப்பல்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பின. மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது. அங்கே இறங்கியிருந்தால் அந்தப் படையும் சிக்கியிருக்கும் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. அதே டிவிஷனின் வீரர்கள்தான் சில மாதங்களில் நியூ கினியின் கொக்கோடா பாதையிலும் மில்ன் பேயிலும் ஜப்பானியரை எதிர்த்து நின்றார்கள்.

இது நட்பை முறித்த கதை இல்லை. ஜப்பான் இலங்கையைத் தாக்கலாம் என்ற நிலையில், 6-வது டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் அங்கே காவலுக்குச் சில மாதம் தங்க கர்ட்டின் சம்மதித்தார். 9-வது டிவிஷனும் மத்திய கிழக்கிலேயே இருந்து எல் அலமெய்னில் போரிட்டது. உதவி செய்யலாம், ஆனால் சொந்த வீடு காலியாகக் கூடாது. அவர் போட்ட கோடு இதுதான்.

கொடுத்த விலை

அமெரிக்க உதவியும் சும்மா வரவில்லை. ஆஸ்திரேலியப் படைகள் அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தரின் தலைமையின் கீழ் போயின. ஒரு பெரிய அண்ணனை விட்டு இன்னொரு பெரிய அண்ணனிடம் போனதுதான் மிச்சம் என்ற விமர்சனம் இன்றும் உண்டு.

இன்னொரு விலையை அவரே கொடுத்தார். கட்டாய சேவைக்கு வந்தவர்களை ஆஸ்திரேலியாவுக்கும் அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும் வெளியே அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. அமெரிக்க இளைஞர்கள் இங்கே வந்து சாகும்போது நாம் மட்டும் எல்லைக்குள் நிற்பதா என்ற கேள்வி எழுந்தது. ஒரு காலத்தில் கட்டாய சேவையை எதிர்த்து ஜெயிலுக்குப் போன அதே மனிதர், சொந்தக் கட்சிக்காரர்களின் எதிர்ப்பைச் சமாளித்து, 1943 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தை மாற்றினார்.

அந்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவருக்குப் பெரும் வெற்றி தந்தார்கள். ஆனால், உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1944 நவம்பரில் மாரடைப்பு. 1945 ஜூலை 5-ல், பதவியில் இருக்கும்போதே, 60 வயதில் இறந்தார். ஜப்பான் சரணடைய இன்னும் ஆறு வாரம்கூட இருக்கவில்லை.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

2021-ல் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து ‘ஆக்கஸ்’ ஒப்பந்தம் போட்டன. அதன்படி ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள் கிடைக்க வேண்டும். சொன்ன நேரத்தில் வருமா, அதுவரை என்ன செய்வது என்று அங்கே விவாதம் ஓயவில்லை. 1936-ல் கர்ட்டின் கேட்டதும் இதைத்தான்: வர வேண்டிய கப்பல் வரவில்லை என்றால், நம் கையில் என்ன இருக்கும்?