எழும்பூர் மணலில் எழுதிய பாடம்

பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவக் குப்பம் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்கு அண்மையில் சென்றிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுமாறு தலைமையாசிரியை அழைத்திருந்தார். வந்தவர்கள் ஐந்து பேர். எத்தனை முறை சுற்றறிக்கை கொடுத்தனுப்பினாலும் பெற்றோர் வருவதில்லை, உடன் பணியாற்றும் ஆசிரியர்களும் சொன்னதைச் செய்வதில்லை என்று அவர் வருந்தினார். வெளியே வந்தபோது, வாசல் மணலில் ஒரு சிறுமி தன் தம்பியின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆண்ட்ரூ பெல் நினைவுக்கு வந்தார்.

பெல், 1753-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நாவிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சில ஆண்டுகள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாழ்ந்துவிட்டு, பாதிரியாராகி, 1787-இல் சென்னைக்கு வந்தார். ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளுக்கு மதகுருவாக இருந்து பெரும் பொருள் சேர்த்தார். ஆனால், 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட இல்லத்தின் பொறுப்பை ஏற்றபோது, அதற்கு மட்டும் ஊதியம் வேண்டாம் என்றார். காசில் கறாரான ஒருவர் இப்படி மறுத்ததைப் பொருளியல் படித்த என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

ஒருநாள் காலை குதிரையில் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தாள் வேண்டாம், மை வேண்டாம்; பிழையைக் கையாலேயே அழித்துவிடலாம். இல்லத்துக்குத் திரும்பியதும் அவ்வாறே கற்பிக்குமாறு கீழ்வகுப்பு ஆசிரியரிடம் சொன்னார். அது ஆகாது என்றார் ஆசிரியர். அதை மனமின்மை என்றே கொண்ட பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான். பிறகு ஒவ்வொரு வகுப்பாக மாணவர்களே கற்பிக்கும் நிலை வந்தது; ஆசிரியர்கள் மேற்பார்வையாளர்களாக ஒதுங்கினர்.

மாணவனுக்கு மாணவன் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை என்று அவனுக்குப் பெயரே உண்டு. பெல்லோ மணலுக்கு மட்டும் கடன்பட்டதாகச் சொல்லி, மற்றதைத் தம் கண்டுபிடிப்பு என்றே வாதிட்டார். எனினும் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. உலகம் அதை 'மெட்ராஸ் முறை' என்றே அழைத்தது.

அவர் எளிமையான முறைகளை நாடியவர். பிரம்படியை வெறுத்தார். குற்றங்களை ஒரு கறுப்பேட்டில் குறித்து வைத்து, மாணவர்களையே நடுவர்களாக்கித் தீர்ப்புச் சொல்லச் செய்தார். 1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே எழும்பூர் அனுபவத்தை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் அதே வழியில் ஏழைகளுக்குப் பள்ளி நடத்தியதும், இருவருக்கும் யார் முதல்வர் என்று பூசல் மூண்டதும் தனிக்கதை. 1811-இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் வழியாகப் பெல்லின் முறை இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது.

இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர், எதிரே நிற்பவரிடம் பேசக் கடைசிவரை கற்கவில்லை. பள்ளிகளைப் பார்வையிடச் சென்ற இடங்களில் ஆசிரியர்களை அவர் கடிந்துகொண்ட விதம் வெறுப்பையே சம்பாதித்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்களே பதிந்துள்ளனர். மணவாழ்வும் பிரிவில் முடிந்தது. தம் பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்துவிட்டு 1832-இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

எழும்பூரில் மறுத்த அந்த ஆசிரியரிடம், ஏன் ஆகாது என்று பெல் அமர்ந்து கேட்டிருந்தால்? இந்தக் கேள்வி என்னை உறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் துறைத் தலைவராக இருந்தபோது புதிய பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் தயங்கினார். நான் விவாதிக்கவில்லை, அவர் பாடத்தை ஓர் இளைஞருக்கு மாற்றி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். திட்டம் வென்றது. ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் அலுவல் தவிர வேறொன்றும் பேசவில்லை. கண்புரையால் கரும்பலகை எழுத்துத் தெரியாமல் அவர் தவித்ததையும், புதிய பாடத்தின் வரைபடங்களுக்கு அஞ்சியதையும் பின்னாளில் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இதைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அருகிலிருந்த முதிய மீனவர் ஒருவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதில் பெயர்பெற்றவை. பொதுச் சொத்தை மக்களே பங்கிட்டுக்கொள்வதற்குச் சான்றாகப் பொருளியல் ஆய்வாளர்கள் இதைக் காட்டுவார்கள். பெரியவர் சொன்னது அதைவிட எளிது: எல்லார் முன்னிலையிலும் பேசுவதால், எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, மனக்குறை உள்ளவன் அங்கேயே எழுந்து கேட்டுவிடுவான்.

தலைமையாசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, உங்கள் கூட்டம் எந்த நேரத்தில் கூடும், பெண்கள் வரலாமா என்று அவரிடம் விசாரித்தார். வலை உலர்த்தும் நேரத்தில் வந்தால் எல்லாரையும் பார்க்கலாம் என்றார் அவர். மாலை நான்கு மணிக்கு வகுப்பு முடிந்ததும், சுற்றறிக்கைக் கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவர் கரைப்பக்கம் நடந்தார். நான் பொன்னேரிப் பேருந்துக்குக் கிளம்பினேன்.