பங்கீட்டுக்குக் கணக்குத் தந்த அல்குவாரிஸ்மீ (ரஹ்)

பாகப்பிரிவினை பற்றி மஸ்அலா கேட்டு நம்மிடம் வருவோர் பலர். பிள்ளைகளை விட்டு இறந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒன்று; மீதியில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று சொல்லி அனுப்புகிறோம். ஆனால் நிலத்தின் அளவே தெரியாவிட்டால் அந்த எட்டில் ஒன்றை எப்படிக் கொடுப்பது? அந்த நிலம் வட்டமாக இருந்தால் என்ன செய்வது? இதற்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பே வழி சொல்லிச் சென்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ (ரஹ்) அவர்கள் கி.பி. 780-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஏரல் கடலுக்குத் தெற்கிலுள்ள குவாரிஸ்ம் என்னும் நாட்டின் பெயரே அவர்களின் பெயரோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. கலீஃபா மாமூனின் ஆட்சிக் காலத்தில் (813-833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் வானவியல், பூகோளம், கணிதம் ஆகிய துறைகளில் உழைத்தார்கள். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கியும் எழுதினார்கள்.

மாமூன் ஊக்கமளிக்க அவர்கள் எழுதிய கிதாபுதான் அல்ஜப்ர் வல்முகாபலா. அல்ஜீப்ரா என்று பள்ளிகளில் நம் பிள்ளைகள் படிப்பது இந்தக் கிதாபின் பெயரால் வந்ததே. இதை அவர்கள் புலமை காட்ட எழுதவில்லை. வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குள்ள தேவைக்காகவே எழுதினார்கள். கிதாபில் பாதிக்கு நெருங்கிய பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே!

வட்டத்தின் பரப்பைக் காண அதில் ஓர் எளிய வழி உண்டு. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்க வேண்டும். வந்த தொகையில் ஏழில் ஒரு பாகத்தையும், அந்த ஏழிலொன்றில் பாதியையும் கழித்துவிட வேண்டும். விட்டம் 14 முழம் என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ 14-ஆல் பெருக்க 196. அதில் ஏழிலொன்று 28, அதன் பாதி 14, ஆக 42. கழித்தால் 154 சதுர முழம். இன்றைய நுட்பக் கணக்கின்படி 153.94. வித்தியாசம் மிகமிகச் சொற்பம்.

ஆயினும் அந்தச் சொற்பத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. சுற்றளவுக்கு விட்டத்தை மூன்றே ஏழிலொன்றால் பெருக்குவது மக்களின் வழக்கம், அது முற்றிலும் சரியன்று என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். வானவியலார் கையாளும் 62,832-ஐ 20,000-ஆல் வகுக்கும் நுட்பமான முறையையும் உடன் தந்தார்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்வதுதான் இல்மின் அமானிதம்.

கி.பி. 850-ஐ ஒட்டி அவர்கள் மறைந்தார்கள். 1145-இல் அவர்களின் கிதாபு லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அவர்களின் பெயரே அல்காரிதம் என்று உருமாறி இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வது எளிது. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? கல்யாணத்தில்தான் நகை போட்டோமே என்று மகளின் பங்கைத் தட்டிவிடுகிறோம். உம்மாவின் எட்டிலொன்றைக் கேட்பாரில்லை. பங்கை விதித்தவன் அல்லாஹ். அதில் ஒரு முழமும் பிறருக்குப் போகக்கூடாதென்று ஓர் அறிஞர் கணக்கு வகுத்துத் தந்தார். அளந்து கொடுப்பது நம் கடமை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.