மறதியை ஆராய்ந்த மருத்துவர்

டொக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் 1864 இல் ஜேர்மனியில் பிறந்தார். 1901 இல் பிராங்பர்ட் மனநல வைத்தியசாலையில், தன் பெயரையே எழுதத் தடுமாறிய 51 வயதுப் பெண்ணொருவரிடம் பொறுமையாகக் கேள்விகள் கேட்டுக் குறிப்பெடுத்தார். 1906 இல் அப்பெண் இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுள் முடிச்சுகளும் வெளியே படிவுகளும் தெரிந்தன. பெரிய இரத்தக் குழாய்கள் தடித்திருந்ததையும் அவர் எழுதிவைத்தார். அவ்வாண்டே மருத்துவர் கூட்டமொன்றில் இதை விளக்கியபோது எவரும் கேள்வி கேட்கவில்லை. 1910 இல் பேராசிரியர் கிரெப்பெலின் அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். 1915 இல், 51 ஆவது வயதில் அல்ஸைமர் காலமானார்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதடைந்தால் மறதி நோய் விரைவாக வெளிப்படலாம் என்று இன்று மருத்துவம் சொல்கிறது. இதை அறிந்த பிறகுதான், உம்மும்மாவுக்குப் பிரஷர் குளிசையை நேரத்துக்குக் கொடுக்கும் பொறுப்பை உம்மாவிடம் நான் கேட்டு வாங்கினேன்.