டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட்

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் (மே 24, 1686 – செப்டம்பர் 16, 1736) இயற்பியலாளரும் அறிவியல் கருவிகள் செய்தவரும் ஆவார். நம்பத்தகுந்த பாதரச வெப்பமானியை உருவாக்கியவர் இவரே. இவர் பெயரால் வழங்கும் வெப்பநிலை அளவுமுறை ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. தமிழ்நாட்டிலும் காய்ச்சலை நூற்று இரண்டு என்று சொல்லும்போது இவரது அளவுமுறையே பயன்படுகிறது.

இளமை

பால்டிக் கடற்கரையில் உள்ள டான்சிக் நகரில் (இன்றைய போலந்தின் கிடான்ஸ்க்) ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். 1701 ஆகஸ்ட் 14 அன்று நச்சுக் காளான் உண்டதால் தாய், தந்தை இருவரும் ஒரே நாளில் இறந்தனர். பாதுகாவலர்கள் இவரை வணிகம் பயில ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினர். இவருடைய மனமோ கண்ணாடிக் குழாய்களில் இருந்தது. கருவி செய்யும் தொழிலுக்காகக் கடன்பட்டதால், இவரைக் கைது செய்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றவும் பாதுகாவலர்கள் ஆணை பெற்றனர். பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். 1708இல் கோப்பன்ஹேகனில் வானியலாளர் ஓலே ரோமரைச் சந்தித்து, அவர் வெப்பமானிகளுக்கு அளவு குறித்த முறையைக் கண்டறிந்தார்.

வெப்பமானிகள்

அக்காலத்தில் ஒருவர் செய்த வெப்பமானி மற்றொருவருடையதோடு ஒத்துப்போவது அரிது. ஃபாரன்ஹீட் செய்த இரண்டு சாராய வெப்பமானிகள் ஒரே அளவைக் காட்டியதை வியந்து, ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்தியான் வுல்ஃப் 1714இல் எழுதி வெளியிட்டார்.

காற்றழுத்தமானியில் உள்ள பாதரசத்தின் உயரம் வெப்பத்தாலும் மாறுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் அமோன்தோன் கண்டிருந்தார். பிறர் அதனை அழுத்த அளவீட்டில் திருத்த வேண்டிய பிழையாகக் கொள்ள, ஃபாரன்ஹீட் அந்த விரிவையே வெப்பத்தை அளக்கப் பயன்படுத்தினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் சேர்ந்த கலவைக்கு 0, பனிக்கட்டியும் நீரும் சேர்ந்த கலவைக்கு 32, உடல் வெப்பத்திற்கு 96 என்று பாகைகளை வகுத்தார். நீரின் கொதிநிலைக்கு 212 என்ற மதிப்பு நிலைபெற்றது இவர் மறைந்த பின்னரே. அதனால்தான் உடல் வெப்பமும் 98.6 ஆக மாறியது.

கண்ணாடியும் விரிகிறது

லைடன் பல்கலைக்கழக மருத்துவரும் வேதியியலாளருமான போயர்ஹாவே கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஃபாரன்ஹீட் பாதரசத்தில் ஒன்றும் சாராயத்தில் ஒன்றுமாக வெப்பமானிகள் செய்து கொடுத்தார். அவை ஒத்துப்போகவில்லை. கருவிகளின் ஒற்றுமையாலேயே பெயர் பெற்றவருக்கு இது சிறிய சிக்கலன்று. பொகீமியா, இங்கிலாந்து, ஒல்லாந்து ஆகிய நாடுகளின் கண்ணாடிகள் ஒரே வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரிவதே காரணம் என்று அவர் கருதினார். போயர்ஹாவேயும் அதனை ஏற்றார்.

இவ்விளக்கத்தில் பாதி உண்மை உண்டு. குடுவையில் உள்ள திரவத்தைச் சூடாக்கும்போது குடுவையும் பெரிதாகிறது. சூடான நீரில் அதனை அமிழ்த்தியவுடன் திரவமட்டம் முதலில் சற்று இறங்கிப் பின்னரே ஏறுவதற்குக் காரணம், வெப்பம் முதலில் கண்ணாடியை அடைவதே. ஆகவே நாம் காண்பது தோற்ற விரிவு மட்டுமே. கலத்தின் விரிவையும் கூட்டினால்தான் உண்மை விரிவு கிடைக்கும். 1000 கன சென்டிமீட்டர் பாதரசத்தை 0 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 18 கன சென்டிமீட்டர் விரியும். சாதாரணக் கண்ணாடிக் கலத்தில் 15.4 மட்டுமே விரிந்ததாகத் தோன்றும். எஞ்சிய 2.6 கலத்தின் விரிவு.

எனினும் முதன்மையான காரணம் திரவங்களிடமே இருந்தது. சாராயம் பாதரசத்தைப் போல் ஆறு மடங்கு விரிவதால், அதில் கண்ணாடியின் பங்கு மிகச் சிறியது. மேலும் வெப்பநிலை உயர உயரச் சாராயத்தின் விரிவு வீதம் கூடுகிறது. இரு முனைகளில் பாதரசத்தோடு பொருந்தும்படி அளவு குறித்தாலும் நடுவில் அது பின்தங்கும். ஒரே கண்ணாடியில் செய்திருந்தாலும் அவ்விரு கருவிகளும் ஒத்துப்போயிருக்க மாட்டா.

கலத்தின் விரிவு குறுக்கிடாத அளவீட்டை துலோங், பெத்தி என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் 1810களின் பிற்பகுதியில் செய்தனர். இணைந்த இரு குழாய்களில் பாதரசத்தை நிரப்பி, ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றைச் சூட்டிலும் வைத்து உயரங்களை ஒப்பிட்டனர். அழுத்தம் உயரத்தையும் அடர்த்தியையும் மட்டுமே சார்ந்தது. குழாயின் அகலம் மாறினாலும் முடிவு மாறாது.

பிற்காலம்

ஃபாரன்ஹீட் 1718 முதல் ஆம்ஸ்டர்டாமில் வேதியியல் விரிவுரைகள் ஆற்றினார். நீர் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கக்கூடும் என்று கண்டறிந்தார். 1724இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். தாழ்நிலங்களில் தேங்கும் நீரை இறைக்கும் பொறி ஒன்றிற்கு 1736இல் காப்புரிமை கோரினார். அவ்வாண்டே, தமது ஐம்பதாம் வயதில், ஹேக் நகரில் காலமானார்.