பந்தாட்டப் பேராசான் ரஹீம்

மாலை வேளைகளிலே போகம்பரை மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்து நிற்பது எமக்கெல்லாம் பழகிய இன்பம். வென்றால் ஆரவாரிக்கிறோம், தோற்றாலோ ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துகிறோம். தோல்வியையும் பாடமாகக் கொண்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவரே சையது அப்துல் ரஹீம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதி ஐதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதன் அணியிலும் பின்னர் கமார் கழகத்திலும் பந்தாடினார். வயிற்றுப் பிழைப்புக்கு அவர் கொண்ட தொழில் பள்ளி ஆசிரியம். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு முதல் 1954 வரை, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, பம்பாய் றோவர்ஸ் கிண்ணம் அவ்வணிக்கே உரியதாயிற்று!

இவ்வெற்றி எங்ஙனம் வந்தது? மைதானத்திலும் அவர் ஆசிரியராகவே நின்றார். வலக்காலே வலியதென்று இருப்போர் இடக்காலால் மட்டும் ஆட வேண்டும் என்று விதித்துத் தனிப் போட்டிகளே நடத்தினார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக் கொண்டு வித்தை காட்டுவதிலும், உடனே தோழனுக்கு வழங்குவதையே அவர் விரும்பினார்.

இந்திய அணி அவர் பயிற்சியில் 1951இல் புதுடில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலோ, யூகோசிலாவியாவிடம் பத்துக்கு ஒன்றாகத் தோற்றது. நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. ரஹீம் துவண்டாரில்லை. சப்பாத்தணிந்து ஆடும் புதிய அணியை உருவாக்கினார். 1956இல் மெல்போனில் அவ்வணி அவுஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டாக வென்று நான்காம் இடத்தை எய்தியது.

செக்கந்தராபாத்தின் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வர வழிச்செலவுக்கும் வகையில்லாத அவருக்கு வாடகைச் சைக்கிளுக்குப் பணம் கொடுத்து ஆளாக்கியவர் ரஹீம்.

1962இல் ஜகார்த்தாவிலே முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்துடன் ஆடுகையில் பின்காப்பாளர் ஜர்னயில் சிங்கின் தலை உடைந்தது. ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. கட்டுப் போட்ட தலையுடன் முன்னணியில் நிறுத்தினார். செப்டெம்பர் 4ஆந் திகதி இறுதியாட்டம். எதிரே நின்றது அதே தென்கொரியா. இந்திய அதிகாரி ஒருவர் கூறிய கருத்தினால் சினந்திருந்த கூட்டம் கூச்சலிட்டது. பி. கே. பானர்ஜி முதற் கோலையும் ஜர்னயில் இரண்டாம் கோலையும் அடித்தனர். இரண்டுக்கு ஒன்றாக வெற்றி! அதன்பின் ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா தங்கம் கண்டதில்லை.

ஒன்பது மாதங்களிலே, 1963 ஜூனில், புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றது. அப்போது வயது ஐம்பத்துமூன்றே.

இசுலாமியரான ஒருவருக்கு இந்து இளைஞர் மலரில் இடமேன் என்று பெரியோர் சிலர் வினவலாம். அவ்விறுதியாட்டத்திலே கோல் காத்தவர் தங்கராஜ் என்னும் கிறித்தவத் தமிழர். வெற்றிக் கோலை அடித்தவர் சீக்கியர். தலைவர் சுனி கோஸ்வாமி இந்து. இவர்களை ஒரே அணியாக்கியவர் ரஹீம். பல மதத்தவரும் அருகருகே வாழும் இக்கண்டி மாநகரில் இதனினும் வேண்டிய பாடம் நமக்கு வேறு யாது?

இளைஞர்காள்! நம்மிடம் வலிகுன்றிய கால் எதுவோ, அதனை முதலில் பழக்குவோம்.