மண்ணுக்காக விண்ணைப் பார்த்தவர்

குட்டீஸ்! கயத்தாறு என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? வீரபாண்டிய கட்டபொம்மன்தானே! 1799ல் அவர் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அந்த ஊரைச் சுற்றிலும் கரிசல் காடு. பெரும்பாலும் மானாவாரி நிலம். உளுந்து, பாசிப்பயறு, பருத்தி என்று விதைத்துவிட்டு, மழைக்காக வானத்தையே பார்த்திருப்பர் விவசாயிகள்.

இன்று மழை மேகங்களையும், புயலையும் செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து படம் பிடித்து அனுப்புகின்றன. விண்வெளி அறிவியல் இப்படி ஏழை விவசாயிக்கும் பயன்பட வேண்டும் என்று கனவு கண்டவர் யார் தெரியுமா? விக்ரம் சாராபாய்!

1919 ஆகஸ்ட் 12ல், ஆமதாபாத்தில் ஒரு பெரிய மில் முதலாளியின் வீட்டில் பிறந்தார் விக்ரம். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால், அவரது மனமோ அறிவியலில்தான் இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததால் ஊர் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி.ராமனின் வழிகாட்டுதலில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947ல் டாக்டர் பட்டம் பெற்ற கையோடு, ஆமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

அடுத்து ராக்கெட் விட இடம் தேடினார். திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பா என்ற மீனவர் கிராமம் அவருக்குப் பிடித்துப் போனது. பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிச் செல்வதுதான் காரணம். வான்வெளியின் மேலடுக்கை ஆராய அது மிகவும் ஏற்ற இடம். ஆனால், அங்கே ஒரு தேவாலயம் இருந்தது. நாட்டுக்காக அதை விட்டுக்கொடுக்க ஊர் மக்கள் சம்மதித்தனர். ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்தன, தேவாலயமே வேலைக்கூடமானது. 1963 நவம்பர் 21ல், முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது. அது அமெரிக்கா தந்த ராக்கெட். நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் அந்தக் குழுவில் இருந்தார்.

சோற்றுக்கே திண்டாடும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டனர். சாராபாய் கோபப்படவில்லை. நிலவுக்குப் போவதில் பணக்கார நாடுகளோடு போட்டி போடுவது நம் வேலையல்ல. மழை, பயிர், கல்வி போன்ற நம் மக்களின் தேவைகளுக்கு விண்வெளியைப் பயன்படுத்துவோம் என்று விளக்கினார். 1969 ஆகஸ்ட் 15ல், 'இஸ்ரோ' பிறந்தது.

ஆனால், கனவு நனவாவதைப் பார்க்க அவர் இல்லை. 1971 டிசம்பர் 30ல், கோவளத்தில் உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 52தான். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா பறந்ததோ 1975ல். அதே ஆண்டில், அவர் திட்டமிட்டபடியே செயற்கைக்கோள் மூலம் 2,400 கிராமங்களுக்கு டிவியில் விவசாயமும், சுகாதாரமும் கற்றுத் தரப்பட்டன.

2023 ஆகஸ்ட் 23ல், நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான்-3 கலம் மெல்ல இறங்கியதே, அதன் பெயர் என்ன? விக்ரம்! அவருடைய பெயர்தான். கயத்தாறு இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி டிவியில் வானிலைச் செய்தி வரும்போது சேனலை மாற்றாதீர்கள், குட்டீஸ். தாத்தாவோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த மேகப் படத்துக்குப் பின்னால், சாராபாயின் கனவு இருக்கிறது!