மூங்கிலில் விமானம் செய்து ஊருக்கே கொடுத்தவர்

ஜவ்வாது மலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு மூங்கில் புதிதல்ல. திருவண்ணாமலைக் கடைத்தெருவில் ஏணியாகவும் கூடையாகவும் முறமாகவும் நாம் வாங்குவது அதைத்தான். அந்த மூங்கிலில் ஒருவர் விமானம் செய்தார். அதில் அவர் ஒருவர் மட்டுமே உட்கார முடியும்.

அவர் பெயர் அல்பெர்ட்டோ சாண்டோஸ் டுமோண்ட். 1873-ல் பிரேசிலில் பெரிய காபித் தோட்ட முதலாளியின் மகனாகப் பிறந்தார். காபிக்கொட்டை இயந்திரங்களைப் பார்த்தே வளர்ந்தவர். தந்தை நோயில் விழுந்ததும் சொத்தில் மகனின் பங்கைப் பிரித்துக் கொடுத்து, பாரிஸுக்குப் போய் இயந்திரக் கலை படிக்கச் சொன்னார். பணத்தைக் கரைக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இவரோ அதைப் பட்டறையில் போட்டார்.

1901-ல் தான் செய்த வான்கப்பலில் ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி வந்து பெரும் பரிசு வென்றார். அந்தப் பணத்தைப் பாரிஸ் ஏழைகளுக்கும் தன் வேலையாட்களுக்கும் பங்கிட்டுவிட்டார். 1906-ல் மக்கள் கூட்டத்தின் முன் விமானத்திலும் பறந்தார். ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்கள். யார் முதல்வர் என்ற வழக்கு பிரேசிலில் இன்றும் ஓயவில்லை. அது நமக்கு வேண்டாம்.

அவர் மனம் வைத்தது சின்ன விமானத்தில். 1907-ல் 'டெமுவாசெல்' பிறந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இளம்பெண் என்றும் ஊசித்தட்டான் என்றும் பொருள். இறக்கை சுமார் 5 மீட்டர் அகலம், மேலே பட்டுத்துணி. ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவே கட்டிய துணியில் உட்காருவார். என்ஜின் தலைக்கு மேல். மொத்த விமானமும் இன்றைய புல்லட் மோட்டார் சைக்கிளைவிட எடை குறைவு.

முதல் வடிவம் சிறு தூரங்களே தாவியது. என்ஜினைக் கீழே இறக்கி பெல்ட் போட்டு விசிறியைச் சுழற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. பழையபடி மேலே ஏற்றினார். உடம்பை வலுவாக்க, ஒற்றை மூங்கிலுக்குப் பதில் மூன்று மூங்கில்களை முக்கோணமாகக் கட்டினார். வால் எல்லாப் பக்கமும் திரும்பும்படி ஒரே மூட்டில் பொருத்தப்பட்டது. பறக்க முயன்ற குர்துபாவின் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், வால் வைக்காததால்தான் இறங்கும்போது அடிபட்டார் என்று நம் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. கைகள் இரண்டும் வேலையாக இருந்ததால், இறக்கையை முறுக்கும் நெம்புகோலைத் தன் கோட்டின் முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டார். உடம்பைச் சாய்த்தால் விமானமும் சாயும். 1909 செப்டம்பரில் சான்சீரிலிருந்து புக் என்ற ஊருக்கு 8 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் 5 நிமிடத்தில் கடந்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிது. ரைட் சகோதரர்கள் காப்புரிமைக்காக நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடங்களைக் கொடுத்துவிட்டார். 1910-ல் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் அவற்றை அச்சிட்டது. தொழிற்சாலைகளும் செய்து விற்றன. அதே 1910-ல்தான் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தை மெட்ராஸ் மக்களுக்குப் பறந்து காட்டினார். தனியாள் தன் கைக்காசில் விமானம் செய்யலாம் என்று உலகம் நம்பிய காலம்.

அந்த ஆண்டே நோய் அவரைப் பிடித்தது, பறப்பதை நிறுத்தினார். முதல் உலகப் போரில் விமானங்கள் குண்டு போட்டன. ஆசையாகக் கொடுத்தது இப்படி ஆயிற்றே என்ற வேதனை அவரை விடவில்லை. 1932-ல் பிரேசிலின் உள்நாட்டுச் சண்டையிலும் விமானங்கள் பறந்தன. அந்த ஜூலை மாதம் குவாருஜா கடற்கரை ஊரில், 59 வயதில், மனம் உடைந்து தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

1960-களில் இங்கிலாந்தில் ஒரு திரைப்படத்துக்காக டெமுவாசெல்லை அதே மாதிரி செய்தார்கள். எவ்வளவு முயன்றும் ஒழுங்காக மேலே எழவில்லை. கணக்கு எங்கே பிசகியது என்று தேடியபோதுதான், சாண்டோஸ் டுமோண்ட் மிகச் சிறிய உடம்புக்காரர், விமானத்தைத் தன் எடைக்கே அளந்து செய்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. எடை குறைந்த ஜோன் ஹ்யூஸ் என்ற பெண் விமானியை உட்கார வைத்தார்கள். பறந்தது.